அப்பா அம்மாவின் கிரீன் கார்டு: வைத்திருப்பதா, குடியுரிமை எடுப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் பலர் அடுத்து செய்யும் காரியம், ஊரிலிருக்கும் பெற்றோருக்குக் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்பு அட்டை) கேட்டு ஐ-130 மனு போடுவது. மனு போடும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்திருந்தால் போதும். குடிமக்களின் பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீடும் இல்லை, நாட்டு வாரியான வரிசையும் இல்லை. வேலை வழியாகக் கார்டு கேட்டுப் பல்லாண்டு காத்திருக்கும் இந்தியர்களோடு ஒப்பிட்டால் இது விரைவுப் பாதை.

சிக்கல் கார்டு கைக்கு வந்த பிறகுதான். அம்மாவுக்குப் பேரக்குழந்தையை விட்டு வர மனமில்லை. அப்பாவுக்கு நியூஜெர்சிக் குளிரில் மூட்டுவலி. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. கடைசியில் "ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க" என்று ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். நாளடைவில் அது பத்து மாதம் கோயம்புத்தூர், இரண்டு மாதம் அமெரிக்கா என்று சுருங்கிவிடுகிறது. கார்டைப் பத்தாண்டு விசாவாக நினைத்துக்கொள்வதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். அங்கே குடியிருப்பவருக்குத் தரப்பட்ட உரிமை அது. குடியிருப்பு கலைந்தால் கார்டில் அச்சிட்ட தேதி காப்பாற்றாது. அதனால் எந்தப் படிவம் என்று யோசிக்கும் முன், அடுத்த ஐந்தாண்டில் பெரும்பகுதி எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரின் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டு கணக்குகள்

வெளிநாட்டில் கழித்த நாட்களுக்கு இரண்டு கணக்கு உண்டு. குழப்பம் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டுவதால் வருகிறது.

முதலாவது, கார்டு நிலைக்குமா என்ற கணக்கு. ஒரே பயணத்தில் 180 நாளைத் தாண்டினால், திரும்பி வரும்போது புதிதாக நுழைவு கேட்பவராகவே நடத்தப்படலாம். ரீ-என்ட்ரி பர்மிட் (நீண்ட பயணத்துக்கு முன்பே வாங்கும் மறுநுழைவு அனுமதி) இல்லாமல் ஓராண்டு ஆகிவிட்டால் அந்தக் கார்டை வைத்து நுழைய முடியாது. அமெரிக்கத் தூதரகத்தில் டிஎஸ்-117 படிவம் போட்டு, திரும்பி வரும் வசிப்பாளருக்கான எஸ்பி-1 விசா கேட்க வேண்டும். தாமதம் உங்கள் கையில் இல்லாத காரணத்தால் நேர்ந்தது என்று மருத்துவமனைப் பதிவுகள் போன்ற சான்றுகளோடு காட்டியாக வேண்டும். "வீட்டை வாடகைக்கு விட ஆள் கிடைக்கவில்லை" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இன்னொரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது: 180 நாளுக்குள் வந்து இரண்டு வாரம் தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்று. போதாது. நாள் எண்ணிக்கை ஒரு அடையாளம்தான். வீடு எங்கே, வரி எங்கே, ஊருக்குப் போவது தற்காலிகமாகவா என்பதைத்தான் பார்ப்பார்கள். ஐந்தரை மாதம் வெளியே, பத்து நாள் உள்ளே என்று நாலைந்து முத்திரை தொடர்ச்சியாக விழுந்த பாஸ்போர்ட் தானே பேசிவிடும்.

இரண்டாவது, குடியுரிமைக் கணக்கு. கார்டு கிடைத்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். அதில் குறைந்தது 913 நாள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒரே பயணம் இருந்தால் தொடர் வசிப்பு அறுந்ததாக அனுமானித்து, இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைப்பார்கள். ஓராண்டு ஆகிவிட்டால் அறுந்தது அறுந்ததுதான். திரும்பி வந்த நாளிலிருந்து 4 ஆண்டும் 1 நாளும் கழித்தே விண்ணப்பிக்க முடியும். அப்போதும் அந்தப் பழைய பயணத்தின் வால் ஐந்தாண்டுக் கணக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் நாலரை ஆண்டு பொறுப்பது நல்லது.

எண்ணில் பார்ப்போம். ஐந்தாண்டுக்கு 1,826 நாள். ஒவ்வோர் ஆண்டும் 150 நாள் ஊரில் இருந்தால் மொத்தம் 750 நாள் வெளியே, 1,076 நாள் உள்ளே: தாராளமாகத் தேறும். சரிபாதியாகப் பிரித்தால் கத்தி மேல் நடக்கிற கதை. 913 என்பதே சரிபாதிதான், ஒரு விமானம் தள்ளிப்போனாலும் கணக்கு கவிழும். ஆண்டுக்கு இரண்டு முறை ஐந்தைந்து மாதம் ஊருக்குப் போகிறவருக்கு மொத்தமாகவே 330 நாள் போலத்தான் தேறும்; அவருக்கு இந்தப் பாதையே இல்லை. புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். முதல் பயணத்திலிருந்தே ஒரு நோட்டில் இரண்டு தேதியையும் குறித்து வையுங்கள். ஐந்தாண்டு கழித்து மங்கிப்போன முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற வேலை மிச்சம்.

கார்டை வைத்துக்கொண்டே போவது

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏழெட்டு மாதமாவது இருக்கப் போகிற, ஆனால் குடியுரிமைத் தேர்வு எழுதவோ இந்தியப் பாஸ்போர்ட்டை விடவோ விரும்பாத பெற்றோருக்கு இது சரி. பத்தாண்டுக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பிக்க ஐ-90 போட வேண்டும். ஆன்லைனில் 415 டாலர். ரசீதே பழைய கார்டின் காலத்தை 36 மாதம் நீட்டிவிடும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 வழியாக முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் பெற்றோர் பலர் இதைச் செய்வதே இல்லை.

ஊரில் சொத்துப் பாகப்பிரிவினை, அறுவை சிகிச்சை, பாட்டியைப் பார்த்துக்கொள்வது என்று நீண்ட வேலை முன்கூட்டியே தெரிந்தால், ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு ஐ-131 போடுங்கள். 630 டாலர், இரண்டாண்டு செல்லும். விண்ணப்பம் போடும்போது ஆள் அமெரிக்காவில் இருக்க வேண்டும், கைரேகையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போய்விட்டு அங்கிருந்து போடலாம் என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்; முடியாது. பர்மிட் கார்டைத்தான் காக்கும், குடியுரிமைக் கணக்கைக் காக்காது. ஓராண்டைத் தாண்டினால் பர்மிட் இருந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறும்.

விமான நிலையத்தில் நடப்பதையும் பெற்றோருக்குச் சொல்லி வைக்க வேண்டும். அதிகாரி பக்கங்களைப் புரட்டியபடி "எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள்? எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே "பொண்ணப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன், எங்க வீடு கோயம்புத்தூர்ல" என்பார். பச்சை வெள்ளந்தியான பதில். ஆனால் அந்த ஒரே வாக்கியத்தில் தான் விருந்தாளி, வீடு வேறு நாட்டில் என்று இரண்டையும் அவரே சொல்லிவிட்டார். பொய் சொல்லச் சொல்லவில்லை; உண்மையில் அமெரிக்காவில் குடியிருக்கிறார் என்றால், "இங்கே மகளோடு வசிக்கிறேன், தங்கை மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் வந்தேன்" என்று சொல்லப் பழக்குங்கள்.

நிலைமை முற்றினால் ஐ-407 படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால் பயணியாக உள்ளே விட்டுவிடுகிறோம் என்று சொல்லக்கூடும். நிரந்தர வசிப்பைத் தானாக விட்டுக்கொடுக்கும் படிவம் அது. கையெழுத்திடக் கட்டாயமில்லை. "குடிவரவு நீதிபதி முன் விசாரணை வேண்டும்" என்று கேட்கும் உரிமை கார்டுதாரருக்கு உண்டு. அங்கே வசிப்பைக் கைவிட்டதாக நிரூபிக்கும் பாரம் அரசுடையது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், சொந்தச் செலவில். பதினாறு மணி நேரம் பறந்து வந்த களைப்பில் எழுபது வயதுக்காரர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். "ஐ-407" என்ற எண்ணையாவது மனப்பாடம் செய்ய வையுங்கள்.

வரியும் இந்தப் பாதையின் சுமைதான். கார்டு கையில் இருக்கும்வரை அமெரிக்க வரித்துறைக்கு உலக வருமானம் முழுவதும் கணக்குக் காட்ட வேண்டும்: அப்பாவின் ஓய்வூதியம், மாடி வீட்டு வாடகை, ஃபிக்சட் டெபாசிட் வட்டி எல்லாம். இந்தியக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை வங்கியில் போட்ட எவரும் இதில் வருவார். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 8621 என்று தனிப் படிவம் இருக்கிறது. அதன் கணக்கு தலைசுற்ற வைப்பது. இந்தியாவில் கட்டிய வரிக்குக் கழிவு கிடைப்பதால் பலர் கடைசியில் கட்டுவது சொற்பமாகவே இருக்கும். தாக்கல் செய்யாததற்கான அபராதம் சொற்பமாக இருக்காது. கார்டு காலாவதியாகிவிட்டது, அமெரிக்கா பக்கம் போயே மூன்றாண்டு ஆகிறது என்றாலும், முறைப்படி விட்டுக்கொடுக்கும்வரை வரிக் கடமை தொடரும். "நான் இந்தியாவாசி" என்று இரு நாட்டு வரி உடன்படிக்கையைக் காட்டி, அமெரிக்காவில் வசிக்காதவருக்கான 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்தால் வரி குறையலாம். ஆனால் அதே தாளை வசிப்பைக் கைவிட்டதற்கான சான்றாகக் குடிவரவுத் துறை எடுத்து நீட்டலாம்.

குடியுரிமைக்குப் போவது

ஐந்தாண்டு நிறைய 90 நாள் இருக்கும்போதே குடியுரிமை மனுவான என்-400 போடலாம். 2021 மார்ச் 10 அன்று கார்டு பெற்றவருக்கு 2025 டிசம்பர் 10 முதல் வாசல் திறந்தது. ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. குடும்ப வருமானம் குறைவு என்றால் 380 டாலர் சலுகைக் கட்டணம் அல்லது முழு விலக்கு உண்டு. விண்ணப்பிக்கும் மாநிலத்தில் கடைசி மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். டெக்சாசில் மகனிடம் இருந்தவரை நியூஜெர்சி மகள் அழைத்து வந்து அடுத்த மாதமே மனுப் போட்டால் நிற்காது.

பெற்றோரின் முதல் பயம் ஆங்கிலம். 50 வயதுக்கு மேல் 20 ஆண்டு கார்டு, அல்லது 55 வயதுக்கு மேல் 15 ஆண்டு கார்டு என்றால்தான் தமிழில் தேர்வு எழுதும் சலுகை. அறுபத்தைந்தில் வந்து எழுபதில் விண்ணப்பிக்கும் அம்மாவுக்கு வயது மட்டும் உதவாது. மறதிநோய், பக்கவாதம் போன்ற நோயால் கற்கவே இயலாது என்றால் என்-648 படிவத்தில் மருத்துவர் சான்று தரலாம். "வயது 74, நினைவாற்றல் குறைவு" என்று ஒரு வரி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்ன நோய், எப்படிக் கண்டறிந்தார்கள், அந்த நோய் ஆங்கிலமும் குடிமையியலும் (அமெரிக்க வரலாறு, அரசாட்சி பற்றிய பாடம்) கற்பதை எப்படித் தடுக்கிறது என்ற மூன்றும் அதில் வர வேண்டும்.

தேர்வு நினைப்பதைவிட எளிது, நேர்காணல் நினைப்பதைவிடக் கடினம். வாசிக்க மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும். எழுதவும் அதேபோல், அதிகாரி சொல்லச் சொல்லப் பெரும்பாலும் டேப்லெட்டில் எழுத வேண்டும். பேனாவுக்குப் பழகிய கை கண்ணாடித் திரையில் வழுக்கும். வீட்டில் பேரனின் டேப்லெட்டில் பத்து நாள் எழுதிப் பார்க்கட்டும். 2025 அக்டோபர் 20 முதல் போடும் மனுக்களுக்குக் குடிமையியல் பட்டியல் 128 கேள்வி. 20 வரை கேட்பார்கள். 12 சரியானால் தேர்ச்சி. 65 வயதுக்கு மேல், 20 ஆண்டு கார்டு வைத்திருப்பவருக்கு மட்டும் 20 கேள்விகள் கொண்ட சிறு பட்டியல். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு.

ஆங்கிலப் பேச்சுத் திறனை என்-400 கேள்விகளைக் கேட்டுத்தான் அளக்கிறார்கள். ஆபத்து அங்கேதான். புரியாத கேள்விக்கு மரியாதைக்காக "யெஸ்" சொல்லும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. "எப்போதாவது அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா?", "வாக்களிக்கப் பதிவு செய்ததுண்டா?" என்ற கேள்விகளுக்கு அந்த "யெஸ்" வாழ்க்கையையே புரட்டிவிடும். "தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள்" என்ற ஒற்றை வாக்கியத்தை முதலில் சொல்லிக்கொடுங்கள். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் கொடுத்த தாள்களோடு வாக்காளர் பதிவிலும் அறியாமல் கையெழுத்திட்டிருந்தால், என்-400 போடும் முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மனுப் போட்டதும் பழைய கோப்பு முழுவதும் திறக்கும். மறுப்பதோடு நிற்காமல் நாடுகடத்தல் விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பவும் துறைக்கு அதிகாரம் உண்டு.

இவ்வளவு பாடுபட்டால் என்ன லாபம்? முதல் லாபம், நாள் கணக்கு ஒழிகிறது. குடிமகன் மூன்றாண்டு தொடர்ந்து கோயம்புத்தூரில் இருந்துவிட்டு வந்தாலும் வாசலில் கேள்வி இல்லை. மனுவில் மோசடி இல்லாதவரை அந்த உரிமையை யாரும் எடுக்க முடியாது. தானாக விட்டுக்கொடுக்காதவரின் குடியுரிமையை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசே பறிக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967இல் அஃப்ராயிம் வழக்கில் தீர்ப்பளித்தது. முதுமையில் நிம்மதியாக இரு நாட்டிலும் வாழ்வதற்கு உண்மையான வழி இது ஒன்றுதான். ஐந்தாண்டு ஓரிடத்தில் இருந்து அந்தச் சுதந்திரத்தைச் சம்பாதித்துக்கொள்வது நல்லது என்பதே எங்கள் கருத்து.

மருத்துவக் காப்பீட்டுக்காகக் குடியுரிமை எடுங்கள் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. 65 வயதாகி ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த கார்டுதாரரே மெடிகேரை (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கட்டி வாங்கலாம். அங்கே வேலை செய்யாதவருக்கு 2025இல் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ மாதம் 518 டாலர், மருத்துவர் செலவுக்கான பார்ட் பி 185 டாலர். குடிமகன் ஆனாலும் இந்தத் தொகை குறையாது. வேறுபாடு வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்எஸ்ஐ உதவித்தொகை, மெடிகெய்ட் மருத்துவ உதவி இரண்டிலும்தான்: பெற்றோரைத் தாங்குவேன் என்ற ஐ-864 உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரின் வருமானமாகக் கணக்கிடுவது குடியுரிமையோடு முடிகிறது. பிள்ளையின் பொறுப்பும் அன்றே தீர்கிறது. ஆனால் எஸ்எஸ்ஐ, தொடர்ந்து 30 நாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் நின்றுவிடும். மெடிகேரும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குச் செல்லாது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியப் பக்கம் இழப்பது என்ன? 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். வாக்குரிமை போகும். ஒவ்வொரு தேர்தலிலும் விரலில் மை வைத்துக்கொண்ட அப்பாவுக்கு அது சின்ன இழப்பில்லை. அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) எடுத்தால் ஆயுள் முழுவதும் வரலாம், தங்கலாம், வீடு மனை வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்காவில் குடியேறி என்ஆர்ஐ ஆனபோதே அந்த உரிமை நின்றுவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. பூர்வீக வயலையும் பரம்பரையாக வருவதையும் வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் குடிமக்களுக்கே விற்க வேண்டும். குடியுரிமை மாறினாலும் ஓய்வூதியம் தொடருமா என்று கருவூலத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு நிலை வேறு: இலங்கை, விண்ணப்பத்தின் பேரில் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது.

உறுதிமொழி நாளைக் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விழாவில் கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனி பயணிக்கக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு அசல் சான்றிதழையே அனுப்ப வேண்டும். புதுப் பாஸ்போர்ட் வந்தபின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, பிறகுதான் ஓசிஐ. இடையில் ஊரில் ஒரு சாவு என்றால் பறக்க முடியாத இடைவெளி அது. ஊரில் மூத்தவர் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால் விழாத் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். விழா முடிந்ததும் சான்றிதழை வண்ண நகல் எடுத்து வைத்துக்கொண்டு, விரைவுக் கட்டணம் கட்டிப் பாஸ்போர்ட்டுக்கு அனுப்புங்கள்.

திருப்பிக் கொடுப்பது

இதைத் தோல்வியாகப் பார்க்கும் குடும்பங்கள் அதிகம். ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் வரப்போகிற பெற்றோருக்கு இதுதான் நேர்மையான, மலிவான வழி. ஐ-407 படிவத்துக்குக் கட்டணம் இல்லை. நிரப்பி, கார்டோடு குடிவரவுத் துறைக்கு அனுப்பலாம். வரிக் கடமை முறைப்படி முடிகிறது. கடந்த 15 வரி ஆண்டில் 8 ஆண்டாவது கார்டு வைத்திருந்தால் 8854 படிவமும் வெளியேற்ற வரிக் கணக்கும் (நீண்ட நாள் கார்டு வைத்திருந்து விடுபவரின் சொத்து மீதான வரி) குறுக்கிடும். ஓர் ஆண்டில் ஒரு நாள் வைத்திருந்தாலும் அது ஓர் ஆண்டாகவே எண்ணப்படும். எனவே கொடுக்க நினைப்பவர் எட்டாம் ஆண்டு தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பிறகு மனம் மாறினால் கதவு மூடிவிடவில்லை. குடிமகனான பிள்ளை மறுபடி ஐ-130 போடலாம். எத்தனை முறை போடலாம் என்று வரம்பு இல்லை. ஆன்லைனில் 625 டாலர். ஐந்தாண்டுக் கணக்கு மட்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அதுவரை வந்து போக பி-2 சுற்றுலா விசா. பொதுவாக ஒவ்வொரு வருகைக்கும் ஆறு மாதம் வரை தங்க விடுவார்கள். அம்மா கார்டோடு அங்கேயே இருக்க, அப்பா மட்டும் கார்டைக் கொடுத்துவிட்டு விசாவில் வந்து போவது நடைமுறையில் சாத்தியம்தான். ஆனால் மனைவி அங்கே, பிள்ளை அங்கே, இவர் திரும்புவாரா என்று சென்னைத் தூதரக ஜன்னலில் கேட்பார்கள். ஓய்வூதியப் புத்தகம், வீட்டு வரி ரசீது இவற்றோடு முத்திரையிட்ட ஐ-407 நகலையும் கையில் கொண்டுபோகட்டும். குடியேற்ற உரிமையைத் தானாகவே விட்டுக்கொடுத்தவர் என்பதற்கு அதைவிட வலுவான தாள் வேறில்லை.